பத்து யென் காசால் திறக்கும் கருவி

கிசுகுரி, அவோமோரி
2013 நவம்பர் 18

ஹினோகுரா மருத்துவக் கருவி நிறுவனத்தாருக்கு,

இங்கே முதல் பனி விழுந்து நான்கு நாளாகிறது. அங்கே எப்படியென்று தெரியவில்லை. என் பெயர் கசாய் தோகுஜி, வயது அறுபத்தொன்று. முப்பத்தேழு வருடம் ரயில் சிக்னல்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் மனைவி சயோவுக்கு ஏழு வருடமாக நரம்பு நோய். கை, கால், குரல் எல்லாம் போய்விட்டன. கண் மட்டும் அசையும். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருக்கிறது. அதில் சேரும் சளியை உங்கள் கருவிதான் உறிஞ்சி அதன் ஜாடிக்குள் எடுக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. ஐந்து வருடமாக ஓடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை உறிஞ்சும் வேகம் குறைந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு திருகு, பக்கத்தில் பத்து யென் காசின் படம். காசை வைத்துத் திருகியதும் திறந்துகொண்டது. மூடியின் உட்புறத்தில் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று படம் போட்டு எண் கொடுத்திருந்தீர்கள். ரப்பர் சவ்வில் கீறல். மாற்றுச் சவ்வு ஒன்று சின்ன உறையில், உள்ளேயே ஒட்டியிருந்தது. மாற்றினேன். பதினோரு நிமிடம் ஆனது. அதுவரை கைப்பம்பை வைத்துச் சமாளித்தேன்.

இப்போது உள்ளே மாற்று இல்லை. இரண்டு அனுப்ப முடியுமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. சயோ எழுத்துப் பலகையில் கண்ணால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிப் பேசுவாள். எழுத்தை மிச்சம் பிடிக்க மரியாதையை விட்டுவிட்டாள். முப்பது வருடம் என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டவள் இப்போது ‘நீ’ என்கிறாள். நான் மூடியை மாட்டிவிட்டுப் பலகையைப் பிடித்ததும், “இதச் செஞ்சது பொம்பள” என்றாள்.

“எப்படிச் சொல்ற?”

“ஜாடி ஒத்தக் கையில கழலுது. இன்னொரு கை நோயாளி மேல இருக்கும்னு ஆம்பளைக்குத் தெரியாது.”

இதைச் சொல்லி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. யார் வடிவமைத்தது என்று தெரிந்தால் எழுதவும். பந்தயம் கட்டியிருக்கிறோம். தோற்றால் நான் மீசையை எடுக்க வேண்டும்.

கசாய் தோகுஜி


ஒகாயா, நாகனோ
2013 டிசம்பர் 2

கசாய் அவர்களுக்கு,

இங்கே ஏரி இன்னும் உறையவில்லை. ஆனால் காலையில் கரையோரம் நடந்தால் காது வலிக்கிறது. உங்கள் கடிதத்தை வாடிக்கையாளர் பிரிவில் என் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். மீசைக்காக வருந்துகிறேன். கருவியை வடிவமைத்தது நான்தான். பெயர் மகிசே ரிட்சுகோ. நாற்பத்திரண்டு வயதுப் பெண்.

ஐந்து சவ்வுகளும் இரண்டு வடிகட்டிகளும் வைத்திருக்கிறேன். சவ்வை விட வடிகட்டிதான் முக்கியம். ஜாடி நிரம்பி வழிந்தால் அது நனைந்துவிடும். நனைந்தால் மோட்டார் ஓடும், ஆனால் உறிஞ்சாது. அதையும் காசை வைத்தே மாற்றலாம்.

உங்கள் மனைவி சொன்னது சரி, ஆனால் அந்தப் பெருமை எனக்கு உரியதல்ல. வரையத் தொடங்கும் முன் நோயாளிகள் உள்ள வீடுகளில் போய் இருந்தேன். இய்தா என்ற ஊரில் ஒருவர் தன் கணவரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கவே நிற்காத கருவியைச் செய்து தருகிறேன் என்று அவரிடம் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நிக்காத மெஷின்னு ஒண்ணு கெடையாதும்மா. நின்னா நானே ஓட வைக்கிற மாதிரி குடு, அது போதும்” என்றார். ஊருக்குத் திரும்பியதும் அதுவரை வரைந்த எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். இனி உதிரி உறுப்பு வேண்டுமென்றால் நேரே எனக்கே எழுதுங்கள்.

மகிசே ரிட்சுகோ


கிசுகுரி
2016 மார்ச் 9

மகிசே அவர்களுக்கு,

நான் அனுப்பிய ஆப்பிள் பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். நல்லது.

கருவிக்கு எட்டு வயது. இதுவரை மூன்று தடவை நின்றது. இரண்டு தடவை சவ்வு, ஒரு தடவை வடிகட்டி. மூன்று தடவையும் நானே திறந்து சரிசெய்தேன். போன மாதம் மோட்டாரில் ஒரு முனகல் கேட்டது. நீங்கள் அனுப்பிய மோட்டாரைப் போட்டதிலிருந்து புதிது போல ஓடுகிறது. பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். தேய்ந்திருந்தது, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு மட்டும்தான். அதையும் தனியாக மாற்ற வழி செய்தால் மோட்டாரை வீசவேண்டியதில்லை. ரயில்வேயில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பெரிய இடத்துக்கு யோசனை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

நோயாளிக் குடும்பங்களின் சங்கத்தில் மாதம் ஒருமுறை கூடுவோம். அங்கே இதைத் திறந்து காட்டினேன். ஏழு குடும்பங்கள் தாங்கள் வைத்திருந்ததை விட்டுவிட்டு உங்களுடையதை வாங்கியிருக்கின்றன. ஒசனாய் ஃபுமியே என்ற பெண் தன் தம்பியைப் பார்த்துக்கொள்பவர், திருகாணியைக் கண்டாலே பயப்படுபவர். இப்போது என்னைவிட வேகமாக மாற்றுகிறார். “முன்னெல்லாம் இந்த மெஷின் சத்தம் மாறினா எனக்கு உசுரு போயிரும். இப்ப என்னன்னு தெரியும். அதனால தூக்கம் வருது” என்றார்.

அவர் சொன்னது எனக்கும் பொருந்தும். எழுதத் தெரியாததால் அவர் வார்த்தையை அனுப்புகிறேன். இந்த வீட்டில் எது மாறினாலும் உங்கள் கருவி மாறாது.

கசாய் தோகுஜி

சயோ சேர்க்கச் சொல்கிறாள்: “மீச மறுபடி வந்துருச்சு. சகிக்கல.”


ஒகாயா
2016 ஏப்ரல் 4

கசாய் அவர்களுக்கு,

கரித்துண்டு பற்றி நீங்கள் சொன்னதை உதிரிப் பிரிவிடம் பேசினேன். அடுத்த ஆண்டிலிருந்து தனியாகக் கிடைக்கும்.

இன்று ஓர் அனுமதி கேட்க எழுதுகிறேன். எப்படிக் கேட்பதென்று இரண்டு தாள்களை வீணாக்கிவிட்டேன். எங்கள் நிறுவனத்தில் நிர்வாகம் மாறியிருக்கிறது. விற்பனை இயக்குநராகத் தெஷிமா என்பவர் வந்திருக்கிறார். அடுத்த கருவிக்கான பேச்சு தொடங்கிவிட்டது. இலேசாக, அழகாக, மூட்டுகளைப் பசையால் ஒட்டி. பிளாஸ்டிக் குறைவு, பெட்டி மறுசுழற்சிக் காகிதம், அதனால் இது பசுமைக் கருவி என்கிறார்கள். ஒரு பொருள் பதினைந்து வருடம் உழைப்பதுதான் பூமிக்குச் செய்யும் நன்மை என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். அப்படி உழைக்கும் பொருளை விட்டு மக்கள் போகமாட்டார்கள் என்றும் சொல்கிறேன். கணக்கும் எடுத்தேன். ஒரு தடவையாவது தாங்களே பழுது பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எங்களிடமே திரும்ப வந்திருக்கிறார்கள்.

ஆனால் எண்களை மட்டும் வைத்து அந்த அறையில் எதுவும் நடக்காது. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டலாமா?

மகிசே ரிட்சுகோ


கிசுகுரி
2016 ஏப்ரல் 12

மகிசே அவர்களுக்கு,

தாராளமாகக் காட்டுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.

சயோ: “காட்டட்டும். எம் பேரப் பெருசாப் போடச் சொல்லு.”

கசாய் தோகுஜி


கிசுகுரி
2017 செப்டம்பர் 20

மகிசே அவர்களுக்கு,

ஒரு வருடத்துக்கு மேலாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உங்கள் நிறுவனத்திலிருந்து எங்கள் சங்கத்தினர் எல்லாருக்கும் ஒரு விளம்பரத் தாள் வந்திருக்கிறது. புதிய கருவி. பழையதைக் கொடுத்தால் புதியது கிடைக்கும், பழையது மறுசுழற்சிக்குப் போகும் என்று போட்டிருக்கிறது. தாளின் நடுவில் என் கடிதம். ‘இந்த வீட்டில் எது மாறினாலும் உங்கள் கருவி மாறாது’ என்ற வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அவோமோரி வாடிக்கையாளர் என்று போட்டிருக்கிறார்கள். சயோவுக்கு ஒரே கொண்டாட்டம். பெயர் போடவில்லை என்று மட்டும் குறை.

படத்தில் அடிப்பக்கம் தெரியவில்லை. பழைய உதிரிகள் அடுத்த மார்ச்சோடு நிறுத்தப்படும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் யோசனையாக இருக்கிறது. புதியதும் நீங்கள் செய்ததுதானா? மாற்றிக்கொள்ளலாமா? சங்கத்தில் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். நான் உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீங்கள் சரி என்றால் சரி.

கசாய் தோகுஜி


ஒகாயா
2017 அக்டோபர் 6

கசாய் தோகுஜி அவர்களுக்கு,

எங்கள் தயாரிப்புகளுக்குத் தாங்கள் நெடுங்காலமாக அளித்துவரும் ஆதரவுக்கு நன்றி. புதிய கருவி முந்தையதைக் காட்டிலும் எடையில் பாதி, சத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதன் வடிவமைப்பில் நானும் பங்கேற்றேன். அதே அக்கறையோடுதான் இதுவும் உருவாக்கப்பட்டுள்ளது. பழுது ஏற்பட்டால் எங்கள் சேவை மையம் மாற்றுக் கருவியை அனுப்பிவைக்கும்.

தாங்கள் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

மகிசே ரிட்சுகோ
மூத்த வடிவமைப்பாளர், ஹினோகுரா மருத்துவக் கருவிகள்


கிசுகுரி
2018 பிப்ரவரி 27

மகிசே அவர்களுக்கு,

சயோ இந்த மாதம் ஆறாம் தேதி இறந்துவிட்டாள்.

காலை ஒன்பது மணிக்கு ஜாடி கொஞ்சம் வழிந்தது. சளிக்காய்ச்சல், அன்று அதிகமாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். மோட்டார் ஓடியது. உறிஞ்சவில்லை. வடிகட்டி நனைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காசை எடுத்துக்கொண்டு கவிழ்த்தேன். புதியதன் அடியில் எதுவும் இல்லை. வழவழவென்று இருந்தது.

சேவை மையத்துக்குப் போன் செய்தேன். “மூணு வேலை நாள்ல மாத்து மெஷின் வந்துரும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?” என்று ஒரு பெண் கேட்டாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

பனிப்புயலில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அதுவரை கைப்பம்பு. சளி கெட்டியாக இருந்தது, கைப்பம்புக்கு வரவில்லை. பதினோரு நிமிடம் தாங்கும் அது. ஒரு மணி ஐம்பது நிமிடம் தாங்காது.

கடைசியில் அவள் பலகையைத் தேடினாள். கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. பலகையைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. இரண்டு கையும் பம்பில் இருந்தன.

என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கசாய்


ஒகாயா
2018 மார்ச் 8

கசாய் அவர்களுக்கு,

இரங்கல் வார்த்தைகள் எழுதினேன், அடித்துவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இதை நிறுவனத் தாளில் எழுதவில்லை.

2016 மே மாதம் உங்கள் கடிதத்தை அந்தக் கூட்டத்தில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் இரண்டு பேர் தலையசைத்தார்கள். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். தெஷிமா கடிதத்தைக் கையில் வாங்கி மறுபடி ஒருமுறை படித்தார். “அருமையான லெட்டர். இவ்வளவு நம்பிக்கையா நம்ம பேரு மேல?” என்றார்.

“பேரு மேல இல்ல சார். தானே திறக்க முடியுதுன்றதுனாலதான் அந்த நம்பிக்கை” என்றேன்.

“அது எப்படி வந்தா என்ன? வந்துருச்சுல்ல. இந்த அளவு நம்புறவங்க, நாம எதக் குடுத்தாலும் வாங்குவாங்க.”

யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான். பசை போடுவது அன்றே முடிவானது. வடிகட்டி உள்ளே போனது. அதை வெளியிலாவது வைக்கலாம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை தெஷிமா என்னைக் கூப்பிட்டு, “மகிசே, நீங்க வரையுங்க. யோசிக்கிறத நாங்க பாத்துக்குறோம்” என்றார். நான் வரைந்தேன்.

உங்கள் கடிதத்தை விளம்பரத்தில் போட்டது அச்சான பிறகுதான் எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் என் பங்கு குறையும் என்று சொல்லவில்லை. செப்டம்பரில் நீங்கள் என்னை நேராகக் கேட்டீர்கள். மாற்றாதீர்கள் என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கலாம். வெளியே போகும் கடிதங்களைச் சட்டப் பிரிவு பார்த்தது உண்மை. ஆனால் என் வீட்டில் தாளும் இருந்தது, தபால்தலையும் இருந்தது. எனக்கு வேலை போய்விடும் என்று பயம். பதினெட்டு வருட வேலை. நான் எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் இல்லாமலே ஒருவரை ஏமாற்ற முடியும் என்று அந்தத் தபால்பெட்டி முன்னால் நிற்கும்போதே எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மகிசே ரிட்சுகோ


கிசுகுரி
2018 ஏப்ரல் 2

மகிசே அவர்களுக்கு,

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடியட்டும் என்று காத்திருந்தேன். சடங்குக்கு முன்னால் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பழைய கருவி ஒன்பது வருடத்தில் நான்கு தடவை நின்றது. ஒரு தடவைகூட அதன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. புதியது ஒரே தடவைதான் நின்றது.

உங்கள் அக்டோபர் கடிதம் வந்தபோது அதைச் சயோவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் பலகை கேட்டாள். “இது அவ எழுதல” என்றாள். “கீழ கையெழுத்து இருக்கே” என்றேன். “அவ என்ன விசாரிக்கல” என்றாள். “ஆபீஸ்ல வேல அதிகமா இருக்கும்” என்று சொல்லிவிட்டு மாற்று விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பழையதை எடுத்துப் போக வந்தவனிடம் வாசல் வரை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் அவள் வார்த்தையைக் கேட்கவில்லை. இதில் உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மன்னிப்பு பற்றி என்னிடம் பேசாதீர்கள். எனக்கு வேறொன்று வேண்டும்.

என் பேச்சை நம்பி உங்கள் கருவியை வாங்கிய ஏழு குடும்பங்களில் நான்கு புதியதுக்கு மாறிவிட்டன. என்னைக் கேட்டுத்தான் மாறினார்கள். விளம்பரத் தாளில் என் கடிதத்தைப் பார்த்து மாறியவர்கள் ஜப்பான் முழுக்க எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும். போன வாரம் நான்கு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னேன். ஒசனாய் ஃபுமியே என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி கசாய் அண்ணா, எங்க அறுத்துத் திறக்கணும்னு சொல்லுங்க” என்றார்.

எங்கே அறுப்பது? வரைந்தது நீங்கள். படம் போட்டு அனுப்புங்கள்.

கசாய் தோகுஜி


ஒகாயா
2018 ஏப்ரல் 17

கசாய் அவர்களுக்கு,

இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, இன்றே செய்ய வேண்டியது. இதற்குக் கருவியைத் திறக்க வேண்டாம். ஜாடிக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள குழாயை அறுத்து, இத்துடன் வரும் வெளி வடிகட்டியைச் செருகுங்கள். ஜாடி வழிந்தாலும் ஈரம் இதிலேயே நின்றுவிடும். நனைந்தால் பிடுங்கிவிட்டு அடுத்ததைச் செருகலாம், அரை நிமிடம் போதும். நாற்பது வடிகட்டிகள் அனுப்புகிறேன். கருவியோடு அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம். ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு கோப்பைத் தேநீரைவிடக் குறைவு.

இரண்டாவது படம், உள்ளே ஏற்கெனவே நனைந்துவிட்ட கருவிக்கு. சிவப்புக் கோட்டில் மட்டும் அறுக்க வேண்டும். பிளேடு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, பின்னால் மின்கலம் இருக்கிறது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதை ஃபுமியே அவர்களுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

இரண்டு படங்களிலும் என் பெயரும் வீட்டு முகவரியும் போட்டிருக்கிறேன். இதே படங்களை நாட்டிலுள்ள எல்லா நோயாளிச் சங்கங்களுக்கும், கருவிகளைக் கண்காணிக்கும் அரசுப் பிரிவுக்கும் இன்று காலை அனுப்பினேன். சயோ அவர்களுக்கு நடந்ததையும் எழுதினேன். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரைப் போடவில்லை.

பிற்பகலில் தெஷிமா கூப்பிட்டார். பொருட்களை எடுத்துக்கொண்டு போக ஒரு பெட்டி கொடுத்தார்கள். மறுசுழற்சிக் காகிதப் பெட்டி.

அங்கே வந்து உங்கள் மனைவியின் படத்துக்கு முன்னால் ஓர் ஊதுபத்தி ஏற்ற அனுமதிப்பீர்களா?

மகிசே ரிட்சுகோ


ஒகாயா
2018 நவம்பர் 11

கசாய் அவர்களுக்கு,

ஏழு மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. அது உங்கள் உரிமை. இனி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஃபுமியே அவர்கள் ஒரு தபால் அட்டை அனுப்பியிருந்தார். அதில் ‘ஆகஸ்டில் தம்பியுடையது நின்றது. இருபத்தைந்து நிமிடத்தில் திறந்தேன். தம்பி இருக்கிறான்’ என்று மட்டும் இருந்தது. அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் எழுதத் துணிந்தேன்.

நிறுவனம் கடைசியில் புதிய கருவியைத் திரும்பப் பெறுகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். வீட்டு உபயோகப் பிரிவையே மூடுகிறார்கள். வாங்க ஆளில்லை. எங்கள் கருவியைப் பத்து வருடம் வைத்திருந்தவர்கள்தான் முதலில் போனார்கள் என்று பழைய சகா ஒருவர் சொன்னார். அறிக்கையில் ‘சந்தைச் சூழல்’ என்று போட்டிருக்கிறதாம்.

நானும் வேலையை விட்ட இருவரும் ஒரு பழைய கடிகாரப் பட்டறையை வாடகைக்கு எடுத்து ஒரு கருவி செய்திருக்கிறோம். பார்வைக்கு அழகில்லை. வடிகட்டி வெளியே இருக்கிறது, சவ்வு, மோட்டார், கரித்துண்டு, மின்கலம் நான்கும் தனித்தனியாகக் கழலும். விற்கும் நிலையில் இல்லை. இதை நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள் அல்ல. தினமும் கையாளுகிறவர்கள் இதில் குறை கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் சங்கத்தில் யாராவது பார்ப்பார்களா?

வேண்டாம் என்றால் பதில் எழுத வேண்டியதில்லை. புரிந்துகொள்வேன்.

மகிசே ரிட்சுகோ


கிசுகுரி
2018 டிசம்பர் 3

மகிசே அவர்களுக்கு,

உங்கள் ஏப்ரல் கடிதத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஊதுபத்தி வேண்டாம். இந்த வருடம் வேண்டாம். அடுத்த வருடம் என்னவென்று எனக்கே தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து இங்கே பதினாறு கருவிகளைத் திறந்துவிட்டோம். ஹிரோசாகியிலிருந்தும் அகிதாவிலிருந்தும்கூடக் கொண்டு வருகிறார்கள். ஊர்ப் பொதுக்கூடத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு உட்காருகிறோம். நான் வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது, அதனால் போகிறேன். திறக்க வந்தவர்களில் ஒருவர்கூட இனி அந்த நிறுவனத்துப் பொருளை வீட்டுக்குள் விடமாட்டார். ஃபுமியே கருவியிலிருந்த பெயரை மணல்தாள் போட்டுத் தேய்த்தே எடுத்துவிட்டார். “அந்தப் பேரப் பாத்துக்கிட்டே தம்பிக்குச் சளி எடுக்க முடியல” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார். “அந்தப் படம் போட்ட அம்மா இப்ப எங்க இருக்காங்க? அவங்க செஞ்சா நான் வாங்குவேன்.”

மிகாமி என்று ஒருவர், மனைவியைப் பார்த்துக்கொள்பவர். அவர் விடவில்லை. “ஒரு தடவ ஏமாந்தது பத்தாதா உனக்கு?”

“ஏமாந்ததும் அவங்ககிட்டதான். தம்பி மூச்சு விடுறதும் அவங்களாலதான். நான் என்ன பண்ண?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த கருவியை அறுப்பதைத் தொடர்ந்தேன். முன்பு இதே மாதிரிதான் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் வாயைத் திறந்தேன். இனி யாருக்கும் எதையும் வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்லமாட்டேன். அவரவர் திறந்து பார்த்து முடிவு செய்யட்டும்.

அதனால் உங்கள் கருவியைக் கொண்டு வாருங்கள். டிசம்பர் 16, ஞாயிறு. ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். விற்பனைப் பேச்சு பேசக் கூடாது. மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மிகாமி அதை உடைக்கப் பார்ப்பார். ஃபுமியே ஜாடியை வேண்டுமென்றே வழியவிடுவார். திறக்க முடியாத இடம் ஒன்று இருந்தாலும் அதோடு நீங்கள் திரும்பிப் போக வேண்டியதுதான்.

என் வீட்டுக்கு வர வேண்டாம். கூடத்துக்கு மட்டும். ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வருகிறேன், ஏனென்றால் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு பனியில் நடக்க முடியாது. வழியில் பேச்சை எதிர்பார்க்காதீர்கள்.

பத்து நாற்பது ரயிலில் வாருங்கள். அதற்கு முந்தையது இந்தப் பருவத்தில் பாதி நாள் ஓடாது. நடைமேடை வழுக்கும். பிடிப்புள்ள காலணி போட்டுக்கொண்டு வாருங்கள்.

கசாய் தோகுஜி